போர்ட்லாந்து ஜப்பானியத் தோட்டம்: கோடை வார இறுதியில் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மே மாதம் பிறந்தால் எங்கள் பக்கத்துத் தமிழர் வீடுகளில் ஒரு வரிசை ஆரம்பமாகும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து இறங்குவார்கள். முதல் வாரம் தூக்கம் வராமல் கழியும், இரண்டாவது வாரம் காஸ்ட்கோ, மூன்றாவது வாரம் மல்ட்னோமா அருவி. நான்காவது வாரம் எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வரும்: "அந்த ஜப்பான் கார்டன் எப்படிங்க? பெரியவங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?" இன்டெல் வேலையை நம்பி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தை ஒட்டிய ஹில்ஸ்பரோவிலும் பீவர்ட்டனிலும் குடியேறிய எங்களுக்கெல்லாம் இந்தத் தோட்டம் கிட்டத்தில்தான் இருக்கிறது. போய்ப் போய்ப் பழகிவிட்டேன் என்பதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் இந்தப் பக்கம்.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: பூ அதிகம் இருக்காது. பூங்கா என்றதும் ஊட்டி மலர்க் கண்காட்சியை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் முதல் பத்து நிமிடம் ஏமாந்துபோவார்கள். இங்கே இருப்பது பச்சை. பாசியின் பச்சை, பெரணியின் பச்சை, மேப்பிளின் இளம்பச்சை, பைனின் கரும்பச்சை. நடுநடுவே கல், தண்ணீர், சரளை.

வாஷிங்டன் பூங்காவின் மலைச்சரிவில் மொத்தம் 12 ஏக்கர். ஒரு காலத்தில் நகரத்து மிருகக்காட்சிசாலை இருந்த இடம் இது. டோக்கியோ வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்குமா டோனோ 1963இல் இதற்கு வரைபடம் போட்டார். 1967இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஜப்பானில் ஒரு கோயிலிலோ மாளிகையிலோ தனித்தனியாகப் போய்ப் பார்க்க வேண்டிய பாணிகளை அவர் ஐந்து தோட்டங்களாக்கி ஒரே சரிவில் அடுத்தடுத்து வைத்தார்: குளத்தைச் சுற்றி நடக்கும் தோட்டம், தேநீர்த் தோட்டம், இயற்கைத் தோட்டம், மணல்-கல் தோட்டம், சமதளத் தோட்டம். பிறகு இன்னும் சில சேர்ந்தன. நுழைவாயிலும் மேலே இருக்கும் கட்டடங்களும் 2017இல் வந்தவை. வடிவமைத்தவர் கெங்கோ குமா. 2020 ஒலிம்பிக்ஸுக்காக டோக்கியோவில் எழுந்த தேசிய விளையாட்டரங்கின் வடிவமைப்பிலும் பங்கு கொண்டவர்.

வார இறுதியில் எத்தனை மணிக்குப் போவது?

திறக்கும் நேரத்துக்கு. அல்லது மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். நடுவில் போகாதீர்கள்.

ஜூலைச் சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போய் காரை நிறுத்த இடம் தேடிப் பக்கத்து ரோஜாத் தோட்டத்தைச் சுற்றி நாற்பது நிமிடம் வட்டமடித்தவன் நான். மாமியார் பின் சீட்டில் அமைதியாக இருந்தார். நாலாவது சுற்றில் "இந்த ரோஜாத் தோட்டத்தை நல்லா பாத்துட்டேன் தம்பி" என்றார். தப்பு என்னுடையதுதான். அதற்கப்புறம் காலையில் திறக்கிற நேரத்துக்கே போய்விடுவது என்று வைத்துக்கொண்டோம்.

காலையில் இன்னொரு லாபம் உண்டு. தோட்டம் கிழக்கைப் பார்த்த சரிவு. ஒன்பது, பத்து மணி வெயில் உயரமான டக்ளஸ் ஃபர் மரங்களுக்கு இடையில் புகுந்து பாசி மேல் சாய்வாக விழும். நண்பகலில் அதே இடம் வெறும் பச்சையாகத் தட்டையாகத் தெரியும். கோடையில் இங்கே சூரியன் மறையவே ஒன்பது மணி ஆகிவிடும் என்பதால் மாலைக் கடைசி நேரமும் நல்ல வெளிச்சத்தோடு இருக்கும், வெப்பமும் இறங்கியிருக்கும். பெரியவர்களுக்குக் காலை, தனியாகப் போகிறவர்களுக்கு மாலை என்பது என் கணக்கு.

வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, பெரும்பாலும் செவ்வாய். நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். கிளம்புமுன் தோட்டத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிக்கெட் விலை அதிகமாமே?

ஆமாம். பெரியவர் ஒருவருக்கு 20 டாலரைத் தாண்டும். அப்பாவிடம் ரூபாயில் மாற்றிச் சொல்லாமல் இருப்பது உத்தமம். நான் சொல்லிவிட்டேன், அவர் வாசல்வரை "இந்தக் காசுக்கு..." என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

செலவைக் குறைக்க ஒரு வழி நூலகம். இந்தப் பக்கத்துப் பொது நூலகங்கள் புத்தகத்தை இரவல் தருகிற மாதிரியே அருங்காட்சியகம், தோட்டம் போன்றவற்றுக்கு அனுமதிச் சீட்டும் தருவதுண்டு. கோடை வார இறுதிக்கு அது சீக்கிரம் தீர்ந்துபோகும். விருந்தாளிகள் விமான டிக்கெட் போட்ட அன்றே நீங்கள் நூலகக் கணக்கைத் திறந்து பாருங்கள். வருடத்தில் மூன்று நான்கு முறை போவீர்கள் என்றால் உறுப்பினர் ஆகிவிடுவது மலிவு.

காரில் போவதா, ரயிலில் போவதா?

பீவர்ட்டன், ஹில்ஸ்பரோ பக்கம் இருந்தால் ரயில். மேக்ஸ் என்ற நகர ரயிலின் நீலத் தடமோ சிவப்புத் தடமோ பிடித்து வாஷிங்டன் பார்க் நிலையத்தில் இறங்குங்கள். அந்த நிலையமே ஒரு காட்சிதான். தரைக்கு 260 அடி கீழே, மலையைக் குடைந்து கட்டியது. இவ்வளவு ஆழத்தில் வேறு ரயில் நிலையம் வட அமெரிக்காவில் இல்லை. குடையும்போது எடுத்த பாறையின் நீளமான உருளை ஒன்றை நடைமேடைச் சுவரில் பதித்து, எந்த அடுக்கு எத்தனை வருடப் பழையது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். லிஃப்டில் மேலே வந்தால் மிருகக்காட்சிசாலை வாசல். அங்கிருந்து பூங்காவுக்குள் ஓடும் இலவச வண்டியில் ஏறினால் தோட்டத்தின் அடிவாரத்தில் இறக்கிவிடும். நகர மையத்திலிருந்து வருகிறவர்களுக்கு 63ஆம் எண் பேருந்தும் உண்டு.

காரில்தான் போவேன் என்றால், நிறுத்தக் கட்டணம் தனி. அதையும் அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

முட்டிவலி உள்ளவர்கள் ஏற முடியுமா?

கீழே டிக்கெட் வாங்கும் இடத்திலிருந்து மேலே தோட்டத்துக்கு ஒரு ஏற்றம் இருக்கிறது. வளைந்து வளைந்து போகும் நல்ல பாதைதான், ஆனால் முட்டிக்குத் தெரியும். ஏற முடியாதவர்களை மேலே கொண்டுபோய் விட வண்டி விடுகிறார்கள். வாசலில் இருப்பவர்களிடம் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றும் இல்லை.

மேலே போனபின் பிரச்சினை குறைவு. சமதளத் தோட்டமும் அதை ஒட்டிய மண்டபமும் குமாவின் கட்டடங்களுக்கு நடுவிலுள்ள முற்றமும் நடக்கச் சுலபமானவை. இயற்கைத் தோட்டம் மட்டும் முழுக்கப் படிகள், அதுவும் சமமில்லாத கற்படிகள். மாமியாரை மண்டபத்துத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் மட்டும் போய் வருவோம். எங்கள் எல்லோரையும்விட அந்தத் தோட்டத்தை நன்றாகப் பார்த்தவர் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை: புடவை கட்டிக்கொண்டு, வழுக்கும் ரப்பர் செருப்போடு வராதீர்கள். புடவை பரவாயில்லை, செருப்பு வேண்டாம். பாசி பிடித்த கல் கோடையிலும் ஈரமாகத்தான் இருக்கும்.

முழுவதும் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

வேகமாக நடந்தால் நாற்பது நிமிடத்தில் முடித்து வெளியே வந்துவிடலாம். பலர் அப்படித்தான் வருகிறார்கள், வந்து "ஒண்ணுமில்ல, அவ்ளோதான்" என்கிறார்கள்.

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பாதி உட்காருவதற்கு. இந்த வகைத் தோட்டத்தில் பாதை நேராகப் போகாது. போட்டவர் வேண்டுமென்றே திருப்பியிருப்பார். ஒரு திருப்பத்தில் நின்றால் குளம் முழுவதும் தெரியாது, ஒரு மூலை மட்டும் தெரியும். நாலு அடி வைத்தால் அந்த மூலை மறைந்து அருவிச் சத்தம் கேட்கும், அருவி இன்னும் கண்ணில் படாது. ஜப்பானிய மொழியில் இதற்குப் பேரே உண்டு, மியே-ககுரே, அதாவது தெரிந்தும் மறைந்தும். நடைபாதைக் கற்களிலும் இதே வேலைதான். கற்கள் சின்னதாகவும் கோணலாகவும் இருக்கும் இடத்தில் நீங்கள் கீழே பார்த்து நடப்பீர்கள்; பெரிய தட்டையான கல் வந்ததும் தானாக நின்று நிமிர்வீர்கள். நிமிர்ந்தால் எதிரே ஏதாவது ஒன்று இருக்கும். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். நீங்கள் எங்கே நிமிர வேண்டும் என்பதை ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்பே ஒருவர் முடிவு செய்து கல்லைப் பதித்திருக்கிறார்.

வெறும் மணலைப் போய் எதற்கு எல்லோரும் முறைத்துப் பார்க்கிறார்கள்?

இந்தக் கேள்வி தவறாமல் வரும். மணல்-கல் தோட்டத்துக்கு ஜப்பானில் கரேசன்சுயி என்று பெயர்: காய்ந்த மலையும் நீரும். தண்ணீரே இல்லாமல் தண்ணீரைக் காட்டுவது. மணல் என்று சொல்கிறோமே தவிர, அது பொடிச் சரளை. உண்மையான மணலில் கோடு நிற்காது, ஒரு காற்றுக்குக் கலைந்துவிடும்.

போர்ட்லாந்துத் தோட்டத்தில் இருக்கும் கற்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நெட்டையாக ஒரு கல் நிற்கும், அதைப் பார்த்த மாதிரி சின்னக் கற்கள் தாழ்ந்து கிடக்கும். நெட்டைக் கல் புத்தர். தாழ்ந்தவை பசியில் வாடும் புலியும் குட்டிகளும். அவற்றின் பசிக்குத் தன் உடலையே கொடுத்த முற்பிறவிக் கதை. புறாவுக்காகத் தன் தொடைச் சதையை அறுத்துக் கொடுத்த சிபியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்பாவிடம் ஒரு வரி சொன்னேன், "ஓ, நம்ம சிபி மாதிரி" என்றார், அதற்கப்புறம் கால் மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அம்மாவுக்குக் கதை பெரிதாகத் தெரியவில்லை. வாசலில் நாற்பது வருடமாகக் கோலம் போட்டவர். சரளையில் இழுத்திருந்த கோடுகளையே உற்றுப் பார்த்துவிட்டு, "காலடியே இல்லியே, போட்டவர் எப்படி வெளிய வந்தார்?" என்று கேட்டார். பின்னால் நடந்தபடி இழுத்து, தன் தடத்தைத் தானே அழித்துக்கொண்டே கரைக்கு வருவார்கள். பற்கள் பதித்த மரக்கட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு செய்யும் வேலை. கல்லைச் சுற்றி வட்டம், மற்ற இடத்தில் நேர்கோடு.

அந்தப் பாலம் ஏன் கோணல்மாணலாக இருக்கிறது?

கீழ்க் குளத்துக்குப் போகும் பலகைப் பாலத்தைத்தானே கேட்கிறீர்கள்? யட்சுஹாஷி வகை. கெட்ட ஆவி நேராகத்தான் போகும், திரும்பத் தெரியாது, அதனால் பாலத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டார்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். குழந்தைகளுக்குச் சொல்ல நல்ல கதை. என் அனுபவத்தில், இரண்டு பக்கமும் கைப்பிடி இல்லாத பலகையில் திரும்ப வேண்டியிருப்பதால் யாரும் அங்கே போனைப் பார்த்துக்கொண்டு நடப்பதில்லை. ஜூன் மாதம் போனால் அந்தப் பாலத்தின் இருபுறமும் ஐரிஸ் ஊதாவாகப் பூத்து நிற்கும். பூ அதிகம் இருக்காது என்று முன்னால் சொன்னதற்கு இது ஒன்று விதிவிலக்கு.

பக்கத்திலேயே ஐந்தடுக்குக் கல் விளக்கு ஒன்று கோபுரம் போல நிற்கும். போர்ட்லாந்தின் சகோதர நகரமான சப்போரோ கொடுத்த பரிசு. அதன் அடியில் கற்களை ஹொக்கைடோ தீவின் வடிவத்தில் பதித்து, சப்போரோ இருக்கும் இடத்தில் மட்டும் சிவப்புக் கல் வைத்திருக்கிறார்கள். சொல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள்.

தேநீர் வீட்டில் டீ கிடைக்குமா?

கிடைக்காது. காஷின்தெய் என்ற அந்தச் சின்ன வீடு பார்ப்பதற்கு. தேநீர்ச் சடங்கைச் செய்துகாட்டும் நாட்களில் மட்டும் உள்ளே ஆள் இருக்கும். ஜப்பானில் செய்து, பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி பூட்டிய வீடு. உள்ளே நாலரைப் பாய் அளவுதான் இடம். பக்கவாட்டில் குனிந்து தவழ்ந்து போகிற அளவில் ஒரு சின்னக் கதவைப் பார்க்கலாம். பிரபுவானாலும் வாள்வீரனானாலும் வாளை வெளியே வைத்துவிட்டு, முட்டி போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டீ வேண்டுமென்றால் குமா கட்டிய முற்றத்து ஓரத்தில், சரிவின் மேல் தொங்குகிற மாதிரி ஒரு காபிக்கடை இருக்கிறது. ஜப்பானியப் பச்சைத் தேநீர், சின்னச் சின்னத் தின்பண்டம். இஞ்சி டீயை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

தேநீர் வீட்டுக்குப் போகும் வழியில் தாழ்வாக ஒரு கல்தொட்டி இருக்கும், பக்கத்தில் மூங்கில் அகப்பை. சுகுபாய் என்பார்கள், உள்ளே போகுமுன் குனிந்து கையும் வாயும் கழுவுவதற்கு. எங்கள் மாமியார் அதைப் பார்த்ததும் கோயில் வாசல் ஞாபகத்தில் புடவைக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு கால் அலம்பத் தயாராகிவிட்டார். நல்ல வேளை, எட்டிப் பிடித்துவிட்டேன். "கை கழுவலாம்னா கால் கழுவக் கூடாதா?" என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை. வருகிறவர்கள் அந்தத் தொட்டியை எதற்கும் பயன்படுத்தக் கூடாது, பார்ப்பதோடு சரி.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

போகலாம். ஓட முடியாது என்பதை மட்டும் காரிலேயே சொல்லி வையுங்கள். குழந்தைகளுக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, குளத்து வண்ணக் கெண்டைகள்; ஆள் நிழல் விழுந்தாலே வாயைத் திறந்துகொண்டு வரும். எதுவும் போடக் கூடாது, பொரி உட்பட. இன்னொன்று, ஷிஷி-ஒடோஷி: சாய்ந்த மூங்கில் குழாயில் தண்ணீர் சொட்டிச் சொட்டி நிறைந்ததும் அது கவிழ்ந்து, காலியாகித் திரும்பும்போது கல்லில் 'டொக்' என்று அடிக்கும். வயலில் மானையும் காட்டுப்பன்றியையும் விரட்ட விவசாயிகள் வைத்தது. அடுத்த 'டொக்' எப்போது வரும் என்று எண்ணச் சொன்னால் எந்தக் குழந்தையும் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கும். தள்ளுவண்டியைக் கீழேயே விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொள்வது நல்லது.

கோடையில் போவதில் ஏதாவது விசேஷம் உண்டா? அக்டோபரில் இலை சிவக்கும்போது போனால் போதாதா?

அக்டோபரில் போனால் சிவந்த மேப்பிளை மட்டும் பார்ப்பீர்கள், அதுவும் ஒரே மரத்தைப் படமெடுக்க வரிசையில் நிற்கும் கூட்டத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து. கோடையில் வேலையைப் பார்க்கலாம்.

ஜூன் மாதக் காலை ஒன்றில் சமதளத் தோட்டத்துப் பக்கம் ஒரு தோட்டக்காரர் ஏணி மேல் நின்று பைன் மரத்தைக் கவாத்து செய்துகொண்டிருந்தார். வெட்டவில்லை, கிள்ளிக்கொண்டிருந்தார். கோடைத் தொடக்கத்தில் பைன் கிளை நுனியில் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்த குருத்து நீண்டு நிற்கும். அதை இரண்டு விரலால் பிடித்து, பாதியில் உடைத்து, மீதியை விட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு விடுவது என்பது வேறு: வலுவான குருத்து என்றால் அதிகம் கிள்ள வேண்டும், நோஞ்சானைத் தொடவே கூடாது. அப்போதுதான் மரம் பல வருடத்துக்கு அதே அளவில், அதே சாய்வில் நிற்கும். கீழே விரித்த சாக்கில் குருத்துத் துண்டுகள் குவிந்திருந்தன. பிசின் வாசனை அடித்தது.

அப்பாவுக்குத் திருவையாற்றுப் பக்கம் கொஞ்சம் மல்லிகைக் கொல்லை இருந்தது. டிக்கெட் கணக்கை மறந்துவிட்டு ஏணிக்கு அடியில் போய் நின்றுகொண்டார். தோட்டக்காரர் ஒரு கிளையை முடித்து இறங்கி, நாலு எட்டு பின்னால் வந்து தலையைச் சாய்த்து மரத்தைப் பார்த்தார், மறுபடி ஏறினார். அப்பாவும் கூடவே பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். பாஷை இல்லை, பேச்சும் இல்லை. "நாம காய்ஞ்ச குச்சியைத்தான் வெட்டுவோம். இவர் தளிரை எடுக்குறார், தைரியம்தான்" என்று என்னிடம் சொன்னார்.

ஜூலையில் தனபாதா, ஆகஸ்டில் ஓபோன் என்ற இரண்டு ஜப்பானியப் பண்டிகைகளை ஒட்டியும் தோட்டத்தில் நிகழ்ச்சிகள் நடப்பதுண்டு. தனபாதாவில் வேண்டுதலை வண்ணத் தாளில் எழுதி மூங்கிலில் கட்டுவார்கள். ஓபோன் முன்னோர் வீட்டுக்கு வரும் நாள். நம் ஆடி அமாவாசையும் அதே பருவம்தான்.

ஜப்பானியத் தோட்டத்தை ஏன் போர்ட்லாந்தில் வைத்தார்கள்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டிய கேள்வி. 1942இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை, இங்கேயே பிறந்து குடியுரிமை பெற்றவர்கள் உட்பட, குடும்பம் குடும்பமாகப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். போர்ட்லாந்தில் அவர்களை முதலில் கொண்டுபோய் வைத்த இடம் கால்நடைக் கண்காட்சி நடக்கும் கொட்டகை. மாடு கட்டிய தடுப்புகளுக்குப் பலகை போட்டு, ஒரே சமயத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அங்கே தங்கவைத்து, பிறகு தூரத்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை. அது நடந்து இருபது வருடச் சொச்சத்தில், சகோதர நகர உறவெல்லாம் ஏற்பட்ட பின்னணியில், நகரத்தவர் சேர்ந்து எழுப்பியது இந்தத் தோட்டம். எல்லோரும் வரவேற்றுவிடவில்லை, போரின் கசப்பு மனதில் இருந்த காலம் அது. நகரத்தில் நேரம் இருந்தால் வில்லமெட் ஆற்றங்கரையில் ஜப்பானிய அமெரிக்கர் நினைவுச் சதுக்கத்தையும் போய்ப் பாருங்கள். முகாம்களின் பெயர்கள் அங்கே கல்லில் வெட்டியிருக்கின்றன.

கல்லைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. மேலே குமாவின் கட்டடங்களுக்குப் பக்கத்தில் கோட்டை மதில் மாதிரி ஒரு பெரிய சுவர் இருக்கும். சாந்து, சிமெண்ட் எதுவும் இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கியது. கிழக்கு ஓரிகன் கருங்கல். அடுக்கியவர் அவாட்டா என்ற ஜப்பானியக் கல்வேலைக் குடும்பத்தின் 15ஆவது தலைமுறைக்காரர். சாந்தில்லாமல் கல் அடுக்குவது நம் ஊர்க் கோயில் கட்டியவர்களுக்கும் கைவந்ததுதான் என்றாலும், இதில் சதுரமாகச் செதுக்காமல் கல்லின் இயல்பான முகத்தையே பொருத்தியிருப்பது வேறு கலை. மழைநீர் இடுக்கு வழியாக வெளியேறிவிடும், அதனால் சுவர் வயிறு தள்ளாது. எல்லோரும் இதைத் தாண்டிக் காபிக்கடைக்கு ஓடுகிறார்கள்.

மவுண்ட் ஹூட் மலை தெரியுமா?

வானம் தெளிவாக இருந்தால் மண்டபத்தின் கிழக்குப் பக்கம் நின்று பாருங்கள். நகரத்துக்கு மேலே, 11,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், வெள்ளைத் தொப்பியோடு நிற்கும். தோட்டத்துக்குச் சொந்தமில்லாத மலையைத் தோட்டத்தின் படத்துக்குள் இழுத்துக்கொள்வதற்கு ஜப்பானில் ஷக்கெய் என்று பெயர், இரவல் காட்சி. ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வந்துவிட்டால் மலை மறைந்துவிடும். அப்படிப்பட்ட நாட்களில் பெரியவர்களை வெளியே அழைத்து வராமல் இருப்பதே நல்லது.

வெயில் தாங்குமா? மழை வந்தால்?

கோடையில் இங்கே மழை அபூர்வம். வெயிலைவிட நிழல் அதிகம், மரங்கள் அப்படி. 2021 ஜூன் 28 அன்று போர்ட்லாந்தில் 116 டிகிரி ஃபாரன்ஹீட் அடித்தது. அந்த மாதிரி நாளில் வேலூர்க்காரர்கூட வீட்டுக்குள் இருக்க வேண்டியதுதான். மற்றபடி ஒரு தொப்பி, ஒரு தண்ணீர்க் குப்பி போதும். காலையில் குளிரும், பெரியவர்களுக்கு மெல்லிய ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கலாமா?

போனில் எடுக்கலாம். முக்காலி, ட்ரோன் கூடாது. சீமந்தப் புகைப்படப் பிடிப்புக்காக ஆட்களோடும் விளக்கோடும் போகலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. அரைவட்டப் பாலத்தின் மேல் நின்று குடும்பப் படம் எடுக்க எல்லோரும் ஆசைப்படுவார்கள். பின்னால் பத்துப் பேர் காத்திருப்பார்கள், ஒரு படத்தோடு நகர்ந்துவிடுங்கள்.

கூட்டமாக இருந்தால் அமைதி எங்கே கிடைக்கும்?

கூட்டம் குளத்தைச் சுற்றியும் சமதளத் தோட்டத்திலும்தான் நிற்கும். படிகள் நிறைந்த இயற்கைத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டால் சனிக்கிழமையிலும் ஆள் நடமாட்டம் பாதியாகிவிடும். ஓடை ஓரம் ஒதுங்கி நில்லுங்கள். போனை அமைதியில் வையுங்கள். ஊரிலிருந்து சித்தி வீடியோ அழைப்பில் வந்தால் வெளியே வந்து பேசிக்கொள்ளலாம். மண்டபத்துத் திண்ணையில் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா?

கட்டிக்கொண்டு போகலாம், தோட்டத்துக்குள் பிரிக்கக் கூடாது. கீழே இறங்கிச் சாலையைத் தாண்டினால் ரோஜாத் தோட்டம். 1917இல் தொடங்கியது, பத்தாயிரம் செடிக்கு மேல், நுழைவு இலவசம். மேலே பூவே இல்லை என்று குறைப்பட்டவர்கள் இங்கே சமாதானம் ஆகிவிடுவார்கள். கழிப்பறையும் இருக்கிறது. அதை ஒட்டிய புல்வெளிச் சரிவில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்துவிடலாம். நாங்கள் புளியோதரை, உருளை வறுவல், தயிர்சாதம் எடுத்துப் போவோம். இலைக்குப் பதில் காகிதத் தட்டு, எச்சில் போட ஒரு பை, ஊறுகாய் தனியாக. தயிர்சாதத்துக்கு மோர் மிளகாயை மறந்துவிடாதீர்கள். போன முறை நான் மறந்துவிட்டு, அப்பாவிடம் டிக்கெட் விலையைவிட அதிகமாகத் திட்டு வாங்கினேன்.